மூன்று மில்லிமீட்டர் நகர்ந்த துளை

அந்தத் துளையை நான் நகர்த்தியது ஒரு புதன்கிழமை மதியம். பன்னிரண்டு என்றிருந்த எண்ணை அழித்துப் பதினைந்து என்று தட்டினேன். நான் செய்த வேலை அவ்வளவுதான்.

எண்பதுகளின் கடைசி அது. காலாங் பக்கம் ஓர் அடுக்குமாடித் தொழிற்கூடத்தின் நான்காவது மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. ஜன்னல்களுக்கும் கதவுகளுக்கும் வேண்டிய சின்னச் சின்ன உலோகப் பாகங்களை வரைந்து, அச்சு செய்து, வார்த்துக் கொடுப்போம். வரைபடப் பிரிவில் ஆறு பேர். அதில் பெண் நான் ஒருத்திதான். கண்ணாடி அறை ஒன்றைத் தடுத்து, ஏர்கான் போட்டு, அதற்குள் புதிதாக வந்த கணினியை வைத்திருந்தார்கள். உள்ளே போகும்போது செருப்பைக் கழற்ற வேண்டும். ஒரே ஒரு இயந்திரம் என்பதால் முறை வைத்துத்தான் உட்காருவோம்.

நான் எழுபதுகளில் தொழிற்பயிற்சிப் பள்ளியில் படித்தவள். அப்போதெல்லாம் பலகையும் டிரேசிங் காகிதமும் மைப் பேனாவும்தான். ஒரு துளையை மூன்று மில்லிமீட்டர் தள்ளி வைக்கச் சொன்னால், பிளேடால் பழைய கோட்டைச் சுரண்டிவிட்டு முன்தோற்றத்திலும் மேல்தோற்றத்திலும் வெட்டுத்தோற்றத்திலும் தனித்தனியாகத் திரும்ப வரைய வேண்டும். அலுப்புப் பிடித்த வேலை. ஆனால் மூன்று இடத்துக்கும் கை போகும், கையோடு கண்ணும் போகும்.

கணினியில் அப்படி இல்லை. அதற்குள் பாகம் முழு உருவமாகவே இருக்கும். முதலில் ஒரு கட்டியை உண்டாக்குவோம். அதில் துளை போடுவோம், பள்ளம் தோண்டுவோம், மேடு வைப்போம். ஒவ்வொன்றையும் எங்கிருந்து அளந்து வைத்தோம் என்பதை அது ஞாபகம் வைத்துக்கொள்ளும். துளையிலிருந்து அளந்து வைத்தது துளையோடு சேர்ந்து நகரும். ஓரத்திலிருந்து அளந்து வைத்தது துளை எங்கே போனாலும் தன் இடத்திலேயே நிற்கும். இது எனக்கு நன்றாகத் தெரியும். பயிற்சியில் அதற்கென்றே இரண்டு நாள் செலவழித்தார்கள்.

பாகம் கட்டைவிரல் நீளம்தான். வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னலைத் தாங்கும் கம்பி, சட்டத்தோடு சேரும் இடத்தில் வரும் துத்தநாக வார்ப்பு. முன்பக்கம் ஓர் ஆணித் துளை, அதைச் சுற்றி ஒரு மேடு, பக்கத்தில் திருகு துளைகள். எடையைக் குறைக்கப் பின்பக்கம் ஒரு பள்ளம். ஜன்னல் இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தால் துடைக்க வசதியாக இருக்கும் என்று ஒப்பந்தக்காரர் கேட்டிருந்தார். அதற்காகத்தான் ஆணித் துளையை மூன்று மில்லிமீட்டர் நகர்த்தச் சொன்னார்கள்.

எண்ணைத் தட்டிவிட்டுக் காத்திருந்தேன். உருவத்தைத் திரும்பக் கட்ட அந்த இயந்திரத்துக்கு நாலைந்து நிமிடம் ஆகும். வந்தது. துளை நகர்ந்திருந்தது, மேடும் கூடவே நகர்ந்திருந்தது, ஒரு திருகு துளையும் ஒழுங்காகத் தள்ளிப் போயிருந்தது. எல்லாம் சேர்ந்து வந்துவிட்டன என்று நினைத்தேன். பின்பக்கம் திருப்பிப் பார்க்க இன்னும் ஐந்து நிமிடம் ஆகும். எனக்கு அடுத்த முறைக்காரர் கண்ணாடிக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார். நான் திருப்பவில்லை. படத்தை அச்சடித்து, தலைமை டிராஃப்ட்ஸ்மேன் மேசையில் வைத்தேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

ஏழு வாரம் கழித்து அதே பாகத்துக்கு இடப்பக்க ஜோடி செய்யச் சொன்னார்கள். வலப்பக்கத்தைக் கண்ணாடிப் பிம்பம்போலத் திருப்பினால் போதும். திருப்பினேன். இந்த முறை திரையில் முதலில் வந்தது பின்பக்கம்.

பள்ளம் நகரவே இல்லை. துளை பள்ளத்தை நெருங்கி வந்து நின்றது. குறுக்கே வெட்டிப் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவில் நாலு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இருந்த சுவர், இப்போது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.

ஏர்கான் அறையில் என் முதுகு வியர்த்தது. இன்னொரு முறை அளந்தேன். அதே எண்தான். திரையை அணைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். அச்சு ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது. முதல் தொகுதி வார்த்தாகிவிட்டது. சோதனைக்காக என்று புக்கிட் மேராவில் ஒரு பழைய அடுக்குமாடி பிளாக்கில் பன்னிரண்டு வீடுகளுக்குப் புது ஜன்னல் மாட்டி இரண்டு வாரம் ஆகியிருந்தது. அந்தப் பன்னிரண்டு வீடுகளும் ஆறாவது மாடிக்கு மேலே.

அன்று கம்பெனியில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பத்தாண்டின் நடுவில் தொழில் மந்தமாக இருந்தபோது எங்கள் பிரிவிலிருந்தே இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒருவர் மேசையைக் காலி செய்துகொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகுதான் எனக்கு இந்த இயந்திரத்தில் உட்காரும் வாய்ப்பே கிடைத்தது. ஒரு பெண்ணைப் போய் ஏன் உட்கார வைத்தார்கள் என்று கேட்டவர்களும் உண்டு.

பஸ் பிடித்து பிடோக் வந்து இறங்கினேன். எங்கள் வீடு ஒன்பதாவது மாடி. மகளுக்கு இரண்டரை வயது. பகலில் அவளைப் பக்கத்து வீட்டு மலாய் அம்மா, நாங்கள் மாச்சிக் என்று கூப்பிடுபவர், பார்த்துக்கொள்வார். கார் நிறுத்துமிடத்தைத் தாண்டும்போது மேலிருந்து “அம்மா” என்று குரல் கேட்டது. நிமிர்ந்தேன். மாச்சிக் வீட்டு ஜன்னலில் அவள் நாற்காலி மேல் நின்றுகொண்டு, கம்பிக்கு வெளியே கையை விட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். மாச்சிக் அவள் இடுப்பைப் பிடித்திருந்தார். தினமும் நடப்பதுதான். தினமும் நானும் கையாட்டுவேன். அன்று கை எழும்பவில்லை. ஜன்னல் கதவைத்தான் பார்த்தேன். அதற்குக் கீழே நான் நின்றுகொண்டிருந்த சிமெண்ட் பாதையைப் பார்த்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு கணவரிடம் சொன்னேன். அவர் துறைமுகத்தில் ஸ்டோர்கீப்பர். நிதானமான மனிதர்.

“மூணு மில்லிமீட்டர்தானே?” என்றார்.

“நகர்ந்தது மூணு. மிச்சம் இருக்கிறது ஒண்ணுகூட இல்லங்க.”

“உடைஞ்சிருந்தா இந்நேரம் யாராச்சும் கம்ப்ளெயின் பண்ணியிருப்பாங்கல்ல. ரெண்டு வாரம் ஆச்சுன்னு சொல்றே.”

“நாளைக்கு உடைஞ்சா?”

மகளின் பால் புட்டியைக் கழுவிக்கொண்டு நின்றவர் குழாயை மூடினார். “சொன்னா வேலை போயிடும்” என்றார்.

“தெரியும்.”

“சொல்லாம இருந்தா யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியுமே.”

“உன் இஷ்டம்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் பயம்தான். அன்று தூங்கப் போகும் வரை அவர் மகளை ஜன்னல் பக்கமே விடவில்லை.

மறுநாள் காலை தலைமை டிராஃப்ட்ஸ்மேன் வந்ததும் அவர் மேசைக்குப் போனேன். அவரும் தமிழர், ஐம்பதை நெருங்கியவர். நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

“அண்ணே, அந்த ஜன்னல் பாகத்துல தப்பு நடந்துபோச்சு.”

“எது? புக்கிட் மேராவுக்குப் போனதா?”

“ஆமாண்ணே. துளைய நகர்த்துனேன், பின்னாடி பள்ளம் கூட வரல. நான் திருப்பிப் பார்க்கல.”

அவர் காப்பிக் குவளையைக் கீழே வைத்தார். அலமாரியிலிருந்து படத்தை எடுத்து விரித்தார். வெட்டுத்தோற்றம் அதில் இல்லை. சின்ன மாற்றம்தானே என்று நான் போடவில்லை, அவரும் கேட்கவில்லை. கீழ் மூலையில் வரைந்தவர் என்ற கட்டத்தில் என் கையெழுத்து, சரிபார்த்தவர் என்ற கட்டத்தில் அவருடையது.

“யாருகிட்டயாவது சொன்னியா?”

“வீட்டுக்காரர்கிட்ட மட்டும்.”

“இங்க யாருக்கும் தெரியாது?”

“தெரியாதுண்ணே.”

அவர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். படத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டு, போய் வேலையைப் பார் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சொன்னால் நான் போய் உட்கார்ந்துவிடுவேனோ என்று அதைவிடப் பயந்தேன்.

அவர் கீழ் அலமாரியைத் திறந்து சாம்பிள் பெட்டியை எடுத்தார். அதில் ஆறு மீதம் இருந்தன. “வா” என்றார்.

பட்டறையில் வைஸ் என்ற பிடிப்புக் கருவியில் ஒன்றை இறுக்கி, ஆணியில் கொக்கி மாட்டி, இரும்பு எடைகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டார். ஒரு ஜன்னல் கதவின் எடையைத் தாண்டியும் முதலாவது தாங்கியது. இரண்டாவதும் தாங்கியது. என் மூச்சு கொஞ்சம் இறங்கியது. மூன்றாவதில் பாதி எடை ஏறியதுமே டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவு சின்னச் சத்தம். ஆணி சுவரைக் கிழித்துக்கொண்டு பள்ளத்துக்குள் விழுந்தது.

மற்ற மூன்றையும் அவர் மாட்டவில்லை. வைஸின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “எல்லாம் உடைஞ்சாக்கூடப் பரவாயில்லம்மா” என்றார். “எது உடையும், எது தாங்கும்னு தெரியலயே.”

பிறகு மேனேஜரிடம் போனார். நான் வெளியே நின்றேன். அரைமணி நேரம் கழித்து என்னையும் கூப்பிட்டார்கள். மேனேஜர் சீனர், சத்தம் போடாதவர். அன்றும் போடவில்லை. பழைய மாதிரிப் பாகங்கள் கிடங்கில் இருக்கின்றன, இன்றே போய்ப் பன்னிரண்டு வீட்டிலும் மாற்றிவிடுங்கள், வீட்டுக்காரர்களிடம் மேம்பட்ட பாகம் என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். ஃபிட்டரோடு என்னையும் போகச் சொன்னார். பகலில் வீட்டில் இருப்பது பெரும்பாலும் பெண்கள், ஆண் மட்டும் போய் நின்றால் கதவைத் திறக்கத் தயங்குவார்கள் என்பது காரணம். என் வேலையைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்லவில்லை.

ஃபிட்டர் ஐம்பது வயது மலாய்க்காரர். நாங்கள் மலாயில்தான் பேசிக்கொள்வோம். வேனில் போகும்போது விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் வண்டியை ஓட்டிவிட்டு, “அந்த ஜன்னல்களை மாட்டியவன் நான்” என்றார்.

ஒவ்வொரு வீடாக மணி அடித்தோம். நான் சிரித்த முகத்தோடு, புது மாடல் வந்திருக்கிறது, இலவசமாக மாற்றித் தருகிறோம் என்பேன். ஃபிட்டர் ஜன்னல் கதவைக் கயிற்றில் கட்டி உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு பாகத்தைக் கழற்றுவார். கழற்றியதை என் கையில் கொடுப்பார். நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். ஏழாவது வீட்டுப் பாகத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு ஓடியிருந்தது. அந்த வீட்டுப் பெண் டீ வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு, “வேண்டாம்க்கா, இன்னும் நிறைய வீடு இருக்கு” என்றேன்.

சாயங்காலத்துக்குள் பதினோரு வீடு முடிந்தது. பன்னிரண்டாவது, பத்தாம் மாடியில் மூலை வீடு, பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர் கம்பிக் கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னார்: அவர்கள் ஈப்போவுக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள், ஞாயிறு அல்லது திங்கள் வருவார்கள். அது வியாழக்கிழமை.

கீழே இறங்கி வந்து நிமிர்ந்து பார்த்தோம். காற்றுக்காக என்று அந்த ஜன்னலை ஒரு சாண் அளவு திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நேர் கீழே நடைபாதை. பஸ் நிறுத்தத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் அதில்தான் போனார்கள்.

நான் போனில் சொன்னதும், பூட்டை உடைத்து உள்ளே போகலாமா என்று தலைமை டிராஃப்ட்ஸ்மேன் மேனேஜரிடம் கேட்டார். அதற்கு அதிகாரிகளிடம் சொல்ல வேண்டும், சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும், மூன்று நாள்தானே என்று பதில் வந்தது. ஃபிட்டர் வேனிலிருந்து ராஃபியா என்ற பிளாஸ்டிக் கயிறு எடுத்து, இரண்டு கம்பங்களுக்கு நடுவே பாதையை மறித்துக் கட்டினார். மறுநாள் வேலை முடிந்து நான் போய்ப் பார்த்தபோது யாரோ அதை அவிழ்த்து ஓரமாகச் சுருட்டி வைத்திருந்தார்கள். திரும்பக் கட்டினேன். நான் கட்டிக்கொண்டிருக்கும்போதே ஓர் ஆள் குனிந்து அதற்குக் கீழே நுழைந்து போனார்.

சனிக்கிழமையும் போனேன். ஜன்னல் அங்கேயே இருந்தது. ஒரு மணி நேரம் எதிரே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை லிட்டில் இந்தியாவை ஒட்டிய எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் தமிழ்ப் பூசை. நான் ஜாலான் புசாரில் ஒரு கடைவீட்டின் மேல்மாடி அறையில் பிறந்து வளர்ந்தவள். சின்ன வயதிலிருந்து அதுதான் எங்கள் கோவில். காணிக்கைப் பாட்டு பாடிக்கொண்டிருந்தபோது வெளியே சட்டென்று இருண்டது. சுமத்திரா காற்று. விடியலிலோ காலையிலோ திடீரென்று வரும், மழையோடு மரக்கிளைகளை ஒடித்துப் போடும். கோவிலின் பக்கக் கதவுகள் டமடமவென்று அடித்துக்கொண்டன. இரண்டு பேர் ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போட்டார்கள்.

மகளைக் கணவர் மடியில் வைத்தேன். “நான் போறேன்” என்றேன்.

“எங்க? இந்த மழையிலயா?”

“புக்கிட் மேராவுக்கு.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். “பூசை முடியட்டுமே” என்று ஆரம்பித்தவர், குடையை எடுத்து என் கையில் கொடுத்தார். “டாக்ஸி பிடிச்சுப் போ. நான் பிள்ளைய மாச்சிக்கிட்ட விட்டுட்டு வரேன்.”

வாசலில் இருந்த பொதுத் தொலைபேசியில் ஃபிட்டர் வீட்டுக்கு அழைத்தேன். “வருகிறேன்” என்று ஒரே சொல் சொல்லி வைத்துவிட்டார். சிராங்கூன் ரோட்டில் டாக்ஸி கிடைக்கப் பத்து நிமிடம் ஆனது. வழியெல்லாம் கிளைகள் விழுந்து கிடந்தன. நான் ஜெபம் சொல்லிக்கொண்டே போனேன். அருள்நிறைந்த மரியே என்று தொடங்குவேன், பாதியில் அந்த டிக் சத்தம் கேட்கும், விட்டுவிட்டுத் திரும்பத் தொடங்குவேன்.

இறங்கி நிமிர்ந்தேன். ஜன்னல் முழுக்கத் திறந்திருந்தது. நேராக நிற்கவில்லை. கீழ்த் தாங்கி விட்டுப்போய், மேல்முனை ஒன்றில் மட்டும் கோணலாகத் தொங்கியது. காற்று ஒவ்வொரு முறை அடித்தபோதும் சுவரில் மோதித் திரும்பியது. கண்ணாடி இன்னும் உடையவில்லை.

ராஃபியா கயிறு காற்றில் அறுந்து போயிருந்தது. கீழ்த்தளத்தில் மழைக்கு ஒதுங்கியவர்கள் பத்துப் பேர் இருப்பார்கள். மழை கொஞ்சம் விட்டால் அந்தப் பாதையில்தான் இறங்குவார்கள். ஒரு அம்மா மார்க்கெட் பையோடு குடையை விரித்துக்கொண்டு இறங்கியேவிட்டார். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். பையிலிருந்த முட்டைகள் விழுந்து உடைந்தன. அவர் ஹொக்கியன் சீனத்தில் என்னைத் திட்டினார். எனக்கு அந்த மொழி தெரியாது. மேலே கையைக் காட்டினேன். அவர் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். பிறகு அவரே மற்றவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்தார்.

குடை என் கையில் நிற்கவில்லை. பாதையின் ஒரு முனையில் நான் நின்றேன், மறுமுனையில் அந்த அம்மா நின்றார். வருகிறவர்களையெல்லாம் சுற்றிப் போகச் சொன்னோம். ஜன்னல் மோதும் ஒவ்வொரு சத்தத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டேன். மூடியிருக்கும்போது யாராவது நுழைந்துவிடுவார்களோ என்று உடனே திறந்தேன்.

ஃபிட்டர் மோட்டார் சைக்கிளில் வந்தார். ஒரு பார்வை பார்த்துவிட்டு லிஃப்டுக்கு ஓடினார். கொஞ்ச நேரத்தில் பத்தாம் மாடியில், பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவரின் ஜன்னலிலிருந்து ஒரு நீளமான மூங்கில் கம்பு வெளியே வந்தது. துணி காயப்போடும் கம்பு. அது தடுமாறியது. முதல் தடவை கதவைத் தொட்டு நழுவியது. நழுவியபோது ஜன்னல் ஒரு சாண் கீழே இறங்கியதுபோல எனக்குத் தோன்றியது. இரண்டாவது தடவை கம்பு சட்டத்தின் நடுவில் பதிந்தது. மெல்லத் தள்ளி, சுவரோடு சேர்த்து, ஜன்னலை மூடி அழுத்தியது. அழுத்தியபடியே நின்றது.

அதை எடுக்க முடியாது. எடுத்தால் திரும்பத் திறந்துகொள்ளும். ஃபிட்டரும் அந்தப் பெரியவரும் மாறி மாறிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மழை விட்ட பிறகும் நான் பாதையை விட்டு நகரவில்லை. பதினொரு மணி வாக்கில் கணவர் வந்தார். நான் நின்ற இடத்தில் அவர் நின்றுகொண்டார். என்னை மேலே போய் அந்த வீட்டு வாசலருகே படிக்கட்டில் உட்காரச் சொன்னார்.

வீட்டுக்காரர்கள் மதியம் இரண்டு மணிக்கு மேல் வந்தார்கள். கணவனும் மனைவியும், தமிழர்கள், ஒரு சின்னப் பெண் குழந்தை, கையில் ஈப்போ பலகாரப் பெட்டிகள். நனைந்த பட்டுப்புடவையோடு ஒருத்தி தங்கள் வீட்டு வாசலில் நிற்பதைப் பார்த்து அந்தப் பெண் திகைத்தார்.

“யாருங்க நீங்க?”

“ஜன்னல் கம்பெனியிலேர்ந்து வரேங்க. உங்க ஜன்னல் விழப் பார்த்துச்சு. உள்ள விட்டீங்கன்னா சரி பண்ணிடுவாங்க.”

“புது ஜன்னல்லா அது. எப்படி விழும்?”

மேம்பட்ட பாகம் என்று சொல்லலாம். காற்று பலமாக அடித்தது என்றும் சொல்லலாம். அவர் குழந்தை என் புடவையில் சொட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“அதுல ஒரு பாகம் நான் வரைஞ்சது” என்றேன். “ஒரு துளைய நகர்த்தும்போது பின்பக்கம் பார்க்காம விட்டுட்டேன். தப்பு என்னோடதுங்க.”

அந்தப் பெண் குனிந்து குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். “பாப்பா கட்டில் அந்த ஜன்னலுக்குக் கீழதான் இருக்கு” என்றார்.

நான் மன்னிச்சுக்குங்க என்றேன். அவர் பூட்டைத் திறந்து, “மாத்திட்டுப் போங்க” என்றார். ஃபிட்டர் வேலை செய்து முடிக்கும் வரை அந்தப் பெண் குழந்தையோடு வெளி நடையிலேயே நின்றார். நாங்கள் கிளம்பும்போதும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. அவரை நான் குறை சொல்ல முடியாது.

திங்கட்கிழமை என்னைக் கண்ணாடி அறைக்குள் போக வேண்டாம் என்றார்கள். வேலை போகவில்லை. திரும்பப் பலகைக்கு அனுப்பினார்கள். வீட்டுக்காரர்களிடம் உண்மையைச் சொன்னது மேனேஜருக்குத் தெரிந்து, அதற்கும் கூப்பிட்டுக் கேட்டார். நான் மறைக்கவில்லை. அவர் என் பெயருக்கு எதிரே ஏதோ எழுதிக்கொண்டார். அச்சை உடைத்துப் புதிதாக வெட்டினார்கள். ஐந்து மாதம் ஒவ்வொரு நாளும், இன்றைக்குக் கூப்பிட்டு அனுப்பிவிடுவார்கள் என்ற நினைப்போடுதான் பஸ் ஏறினேன்.

ஆறாவது மாதம் தலைமை டிராஃப்ட்ஸ்மேன் என்னைக் கேன்டீனுக்குக் கூட்டிப்போனார். வேறு கம்பெனிக்குப் போகப்போவதாகச் சொன்னார்.

“அந்தப் படத்துல கையெழுத்துப் போட்ட அன்னிக்கு எனக்கு லீவு எடுக்கற அவசரம்” என்றார். “என் தங்கச்சி ஆஸ்பத்திரியில இருந்துச்சு. முழுசாப் பார்க்கல. உன் வேலைன்னா சரியாத்தான் இருக்கும்னு போட்டுட்டேன். இதை நான் மேனேஜர்கிட்டயும் சொல்லிட்டேன். எல்லாத்தையும் உன் தலையில மட்டும் விட்டுட்டுப் போறது நல்லாயில்ல.”

“நீங்க சொல்லியிருக்க வேணாமேண்ணே.”

“நீ சொல்லும்போது நான் கதவைச் சாத்துனேன்ல, அப்ப எதுக்குச் சாத்துனேன்னு எனக்கே இன்னும் நிச்சயமாத் தெரியலம்மா” என்றார். தேநீரைக் குடிக்காமலே எழுந்து போனார்.

அவர் போன பிறகு அந்த இடத்துக்கு இரண்டு பேரைக் கேட்டார்கள். இருவரும் மறுத்தார்கள். கடைசியில் என்னிடம் வந்தார்கள். பெருமையாக இருந்தது என்று சொன்னால் பொய். மற்றவர்கள் வரைந்ததைச் சரிபார்க்கும் கட்டத்தில் இனிமேல் என் கையெழுத்து. வீட்டில் சொன்னபோது கணவர், “வேணாம்னா வேணாம்னு சொல்லிடு” என்றார். இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டேன்.

முதல் வாரமே ஒரு படம் வந்தது. ஒரு பூட்டின் தகட்டில் இரண்டு துளைகளை நகர்த்தியிருந்தார்கள். வரைந்தவர் எனக்கு மூத்தவர், கெட்டிக்காரர். சும்மா ஒரு கையெழுத்துத்தானே என்று மேசை அருகிலேயே நின்றுகொண்டிருந்தார். நான் பேனாவை மூடிவைத்துவிட்டு, அவரைக் கூட்டிக்கொண்டு கண்ணாடி அறைக்குப் போனேன். ஆறு பக்கமும் திருப்பச் சொன்னேன். பக்கத்துக்கு ஐந்து நிமிடம். வெளியே அடுத்த முறைக்காரர் காத்திருந்தார். எந்தத் தப்பும் இல்லை. எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. வெளியே வந்து கையெழுத்துப் போட்டபோது என் பெயரின் கடைசி எழுத்து கோணிப் போனது. மூத்தவர் அதைப் பார்த்துவிட்டு, படத்தை எடுத்துக்கொண்டு போனார்.